அத்தையின் காதுக்கு நான் சொன்ன சாட்சி

அத்தைக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று நிரூபித்தது நான்தான். அதனாலேயே அவள் கல்யாணம் நின்றது.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். கைவேலை அவ்வளவு சுத்தம். படிப்புதான் ஏறவில்லை. கம்பெனி நோட்டீசை அப்போது மூன்றாம் வகுப்புப் படித்த நான்தான் வாசித்துக் காட்டுவேன். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. "எழுத்து ஒரு எடத்துல நிக்க மாட்டுது பாப்பா" என்பாள்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது பாதி கம்பெனி கேன்டீனிலேயே முடிந்துவிடும். மகனுக்குப் பெண் தேடும் அம்மாக்களும் அங்கேதானே வேலை செய்கிறார்கள்? எந்தப் பெண் எப்படிச் சாப்பிடுகிறாள், யாரோடு சிரிக்கிறாள் என்று டிபன் பாக்ஸைத் திறந்தபடியே எடை போட்டுவிடுவார்கள். பேரணாம்பட்டிலிருந்து வேலைக்கு வரும் ஓர் அம்மா அப்படித்தான் அத்தையைத் தன் மகனுக்குப் பார்த்து வைத்தாள். அத்தைக்கும் அவனைப் பிடித்திருந்தது. அவன் போட்டோ அவள் தலையணை உறைக்குள் இருந்தது எனக்கு மட்டும் தெரியும்.

ஒருநாள் அந்த அம்மா கேன்டீனில் எதிரே உட்கார்ந்து ஏதோ கேட்டிருக்கிறாள். நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே நேரத்தில் பேசும் இடம். அத்தை சிரித்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தாளாம். மூன்று முறை கேட்டும் அதே சிரிப்பு. பெண்ணுக்குக் காது மந்தம் என்று பேச்சு கிளம்பியது.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு நேரிலேயே விசாரிக்க வந்துவிட்டாள். அந்நேரம் கரண்ட் இல்லை, ஃபேன் சத்தம்கூட இல்லை. அத்தையின் மானத்தைக் காப்பாற்ற என்னை விட்டால் ஆளில்லை என்று நானே முடிவு செய்துகொண்டு, "எங்க அத்தைக்கு நல்லா கேக்கும், பாக்கறீங்களா?" என்றேன். அடுப்படிப் பக்கம் திரும்பி, கிசுகிசுப்பாக, "அத்தை, தண்ணி" என்றேன். அடுத்த நிமிஷம் அத்தை சொம்போடு வந்து நின்றாள்.

அந்த அம்மா சொம்பைத் தொடவில்லை.

"காது நல்லாத்தான் கீது. அப்போ வேணும்னேதான் பதில் சொல்லல. இவ்ளோ திமிரு எங்க வூட்டுக்குத் தாங்காதும்மா" என்று எழுந்து போய்விட்டாள்.

அப்பா அத்தையைத் திட்டித் தீர்த்தார். அதன் பிறகு எந்த வரனும் அமையவில்லை. கேன்டீனில் ஒரு மூலையில் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தாள் என்று கேள்விப்பட்டோம்.

போன வருஷம் என் மகளுக்கு வாசிப்பு வரவில்லை என்று டாக்டரிடம் போனேன். டிஸ்லெக்சியா என்றார். அது இருக்கும் சிலருக்கு, வளர்ந்த பிறகும்கூட, இரைச்சலுக்கு நடுவே ஒருவர் பேச்சை மட்டும் பிரித்தெடுப்பது கஷ்டம், காதில் ஒரு குறையும் இருக்காது என்றும் சொன்னார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

ஏனென்றால் இதையே அத்தை அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னிடம் சொன்னாள். "சத்தமெல்லாம் கேக்குது பாப்பா. எல்லார் பேச்சும் ஒண்ணா கலந்துடுது. அவங்க இன்னா சொன்னாங்கன்னுதான் எனக்குப் புரியல."

"போ அத்தை, பொய் சொல்ற" என்றேன்.

அவள் அதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் நான் ஒருத்தியாவது நம்புவேன் என்று நினைத்துத்தான் சொல்லியிருக்கிறாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.