மணிக்கட்டால் துடைத்த கண்ணீர்

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்திருந்தபோது நாங்கள் கலும்பாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, வாசலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட எடுத்துப் போகக் கூடாது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கொடுத்துவிடுவோமாம்!

மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். விடிய விடிய ஆடுவதுதான் வழக்கம். ஊரடங்கு வந்தபிறகு உச்சி வெயிலில் ஆடினார்கள். பெண் வேடமும் ஆண்கள்தான் கட்டுவார்கள். என் அண்ணன்தான் ரதி. எரிந்துபோன மன்மதனுக்காக ரதி ஒப்பாரி வைக்கும்போது அண்ணன் உண்மையாகவே அழுவார். ஆனால் அரிதாரம் கலைந்துவிடக் கூடாதே! விரலால் துடைக்க மாட்டார். மணிக்கட்டின் பின்பக்கத்தால் கண்ணுக்குக் கீழே மெல்ல ஒற்றி எடுப்பார். அதைப் பார்த்தே பாதிப் பேர் அழுதுவிடுவார்கள்.

அந்த வருடம் காவலுக்கு நின்ற ஓர் இளம் சிப்பாய் வேலியோரம் நின்று கூத்தைப் பார்த்தார். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. முடிந்ததும், தோட்டத்தில் கணக்கெழுதும், இங்கிலீஷ் தெரிந்த கிராணியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"தொரை ஊருக்குப் போயி நாடகத்துல சேரப் போறாராம்டா. நீ அழுவுனத இன்னொருக்கா காட்டச் சொல்றாரு," என்றார் கிராணியார்.

அண்ணன் கூச்சத்தோடு காட்டினார். சிப்பாயும் செய்து பார்த்தார். பெண்கள் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அடுத்த மழைக்காலத்தில், மரம் வெட்டப் போன அண்ணன் துப்பாக்கிச் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். யார் சுட்ட குண்டு என்று இன்றுவரை தெரியாது. அவரைத் தோளில் தூக்கி வந்து எங்கள் வாசலில் கிடத்தியவர் அதே சிப்பாய்தான். அம்மா மாரில் அடித்துக்கொண்டு கதற, அவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

அண்ணனுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. வயது ஏற ஏற அவர் முகம் எனக்கு மங்கிக்கொண்டே போனது. பெற்ற தாய்க்கு அடுத்தபடியாக என்னைத் தூக்கி வளர்த்தவர் முகம் மறக்கிறதே என்று எத்தனையோ முறை அழுதிருக்கிறேன்.

பல வருடம் கழித்து, புக்கிட் செந்தோசாவில் மகள் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் இறந்துபோயிருந்த ஓர் ஆங்கில நடிகரின் வாழ்க்கையைக் காட்டினார்கள். முதலில் மேடையில் சின்னச் சின்ன வேடங்கள், பிறகு டிவி நாடகங்களில் டாக்டர், நீதிபதி என்று நல்ல பெயராம். இளவயதுப் படத்தில் அந்தப் புருவத் தழும்பைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது.

"சின்ன வயசுல மலாயாவுல சோல்ஜரா இருந்தாராம்மா," என்றாள் மகள்.

"மாமாவப் பத்தி ஏதாச்சும் சொன்னாராடி?"

"இல்லம்மா. அந்தக் காலத்தப் பத்திப் பேசவே மாட்டாராம்லா."

மனசு விட்டுப்போனது. எழுந்து போகலாம் என்று நினைத்தேன். அப்போது, மகனைப் பறிகொடுத்த தகப்பனாக அவர் நடித்த ஒரு காட்சி வந்தது. கிழவர் அழுதார். கலைவதற்கு அரிதாரம் இல்லாத முகம். ஆனாலும் அவர் விரலால் துடைக்கவில்லை. மணிக்கட்டின் பின்பக்கத்தால் கண்ணுக்குக் கீழே மெல்ல ஒற்றி எடுத்தார்.

அந்த நொடியில் அண்ணன் முகம் பொட்டும் பூவுமாக என் எதிரே வந்து நின்றது. நான் வாய்விட்டு அழுதேன். மகள் பதறிப்போனாள்.

ஒரு படம்கூட இல்லாமல் போன என் அண்ணன் இத்தனை காலமும் எங்கோ ஒரு வெள்ளைக்காரரின் கையில் இருந்திருக்கிறார். அது எனக்குத் தெரியவந்தபோது அந்தக் கையும் போய்விட்டிருந்தது என்பதுதான் இன்னும் ஆறவில்லை.