அவஸ்தை பூசுதல்

பின்னேரம் நாலரை மணிக்குப் பெரியம்மா அறையை விட்டு வெளியே வந்து அப்பாவிடம் அந்தச் சொல்லைச் சொன்னார். எல்லாம் பிழையாகத் தொடங்கியது அப்போதுதான்.

"கெதியாப் போய்ச் சுவாமியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவஸ்தை பூசவேணும்."

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு தேவாலயத்துக்குப் பங்குச் சுவாமியிடம் போனார். உள்ளே அம்மா மூச்சுக்குப் போராடிக்கொண்டு கிடந்தார். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டிருந்தார்கள். எனக்கு எட்டு வயது. அவஸ்தை என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். அந்த மாதம் முழுக்க அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். அது போதாதென்று சுவாமி வேறு வந்து இன்னும் கொஞ்சம் பூசப்போகிறாராம்.

சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்கின் பழைய பெயர் அது. மறைக்கல்வி வகுப்பில் அதையே 'நோயில் பூசுதல்' என்று மனப்பாடம் செய்து, பிழையில்லாமல் ஒப்புவித்து, மாதா படம் ஒன்றும் பரிசாக வாங்கியிருந்தேன். இரண்டும் ஒன்றென்று யாரும் சொல்லவில்லை.

அம்மாவின் அறைக்குள் போய்க் கொண்டியைப் போட்டேன். பெரியம்மா வெளியில் நின்று கதவைத் தட்டினார்.

"திறவடி கதவை! சுவாமி வந்தா வெளியில நிப்பாட்டிற வீடு இந்தத் தோட்டவெளி ஊரிலயே இதுதான்!"

"அம்மாவுக்கு அது வேண்டாம். இருக்கிறதே காணும்."

"என்னடி காணும்? பூசாமல் போய்ச் சேர்ந்தா அவளின்ர ஆத்துமத்துக்கு ஆர் பொறுப்பு, நீயோ?"

அம்மா கதவுப் பக்கம் கையை நீட்டினார். பேச்சு வரவில்லை. திறந்துவிடாதே என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது என் மகள் மறைக்கல்வி முடிந்து வந்ததும் ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துவைத்து விளக்குகிறேன். "காணும் அம்மா, விளங்கிட்டுது" என்று அலுத்துக்கொள்கிறாள். அந்த 'விளங்கிட்டுது' மீது எனக்கு நம்பிக்கை வருவதேயில்லை.

அன்று பொழுதுபடும் நேரத்தில் சுவாமி வந்தார். பெரியம்மாவைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுக் கதவோடு வாயை வைத்து மெதுவாகச் சொன்னார்.

"மகள், நான் கொஞ்சம் எண்ணெய்தான் கொண்டு வந்தனான். அம்மாவின்ர நெத்தியிலயும் கையிலயும் பூசி மன்றாடுவன். நோகாது."

இது விளங்கியது. திறந்தேன். எண்ணெய் பட்டதும் அம்மாவின் முகம் இளகியது. அவர் கை நீட்டிக் கேட்டது இதைத்தான்.

போகும்போது சுவாமி என் தலையில் கை வைத்தார். "பயப்படாதை. ஆண்டவர் அம்மாவை எழுப்பிவிடுவார்."

அது உலகம் முடியும் நாளில் என்று அவர் சொல்லவில்லை. நான் அம்மாவின் செருப்பைக் கழுவி, விடிய எழும்பினதும் போட வசதியாகக் கட்டிலடியில் வைத்தேன்.