முப்பத்தேழாம் நம்பர் எங்கே

மூன்று கம்பெனிகளில் யாருடைய சாப்ட்வேரை வாங்கலாம் என்று முடிவு செய்யும் பொறுப்பை முதலாளி என்னிடம் கொடுத்தபோது எனக்குப் பெருமையாக இல்லை. பயம்தான் வந்தது. சாத்தூர் ரோட்டில் உள்ள ஒரு பட்டாசு ஆலையில் ஆவணங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. லைசென்ஸ் நகல், அறைகளின் வரைபடம், வெடிமருந்து இருப்பு, பயிற்சிச் சான்று, தினசரி வருகைப் பதிவேடு எல்லாம் என் பொறுப்பு. பாதி பீரோவில் தாளாக இருக்கும், பாதி கம்ப்யூட்டரில் இருக்கும். ஆய்வுக்கு வரும் அதிகாரி ஒன்றைக் கேட்டால் இரண்டுக்கும் நடுவே நான் குட்டிபோட்ட பூனை மாதிரி அலைவேன். அந்த அலைச்சலைப் பார்த்துத்தான் முதலாளிக்கு இந்த யோசனை வந்தது.

"பேப்பரும் கம்ப்யூட்டரும் ஒரே எடத்துல இருக்கணும்மா. கேட்ட நிமிசத்துல எடுத்துக் குடுக்கணும். மூணு பேர வரச் சொல்லிருக்கேன். பளகப் போறது நீதான், நீயே பாத்துச் சொல்லு" என்றார்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பட்டாசு செய்கிற ஊரில் பிறந்து, தீபாவளிக்குக் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்காருகிறவள். எங்கள் பக்கம் பெரிய சத்தம் கேட்டால் எல்லாரும் வெளியே வந்து புகை எந்தத் திசை என்று பார்ப்பார்கள். நான் மட்டும் பார்க்க மாட்டேன். பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

ஆனால் அந்த வாரம் நான் பயந்தது சத்தத்துக்கு இல்லை, என் சொந்தக் கையெழுத்துக்கு. நான் ஒவ்வொரு மாதமும் கையெழுத்துப் போடும் வருகைப் பதிவேட்டில் பொய் இருந்தது.

எங்கள் ஆலையில் மாத்தாள் என்று ஒரு பழக்கம் உண்டு. ஒருத்திக்குக் காய்ச்சல், அல்லது வீட்டில் காரியம் என்றால், அவள் நம்பரில் நாத்தனாரோ தங்கையோ வந்து உட்காருவாள். சீசனில் நாலு நாள் வராவிட்டால் இடம் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. பயிற்சிச் சான்று இல்லாத ஆளை உள்ளே விடக் கூடாது என்பது விதி. எனக்கும் தெரியும். தெரிந்தும் கேட்க மாட்டேன். வேனிலிருந்து இறங்கி வரிசையாக வரும்போது முகத்தைப் பார்க்காமல் நம்பரை மட்டும் பார்த்து டிக் அடிப்பேன். நானும் தீப்பெட்டி ஒட்டிய வீட்டில் வளர்ந்தவள்தான், பாவம் பிழைத்துப் போகட்டும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்வேன். எதிர்த்துக் கேட்கத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

முதலில் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். விலையைக் கேட்டதும் முதலாளி அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். அடுத்து வந்தவர் சிவகாசிக்காரர். அவருடைய சாப்ட்வேரில் எந்தத் தேதியையும் எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம், பெயரை மாற்றலாம், மாற்றிய சுவடே தெரியாது. "நம்ம ஊரு நெலம தெரிஞ்சு செஞ்சது, மேடம்" என்று கண்ணைச் சிமிட்டினார். எனக்கு உயிர் வந்தது. இதுதான் என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

மூன்றாவது ஆள் மதுரை. பளபளவென்று ஷூ போட்டு, சித்திரை வெயிலில் வியர்த்து வழிந்துகொண்டு ஒரு புதன்கிழமை காலை வந்தார். எங்கள் பழைய பதிவேட்டின் ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்து உள்ளே ஏற்றி, கம்ப்யூட்டரில் இருந்த பட்டியலோடு இணைத்துக் காட்டினார். பிறகு வேண்டுமென்றே ஒரு வரியைத் தப்பாக அடித்துத் திருத்தினார். தப்பும் நின்றது, திருத்தமும் நின்றது. யார் திருத்தியது, எத்தனை மணிக்கு, என்ன காரணம் என்று கீழே மூன்று கட்டங்கள்.

"எளுதினா எளுதினதுதான் மேடம். திருத்தலாம், மறைக்க முடியாது. இன்னொரு பொறுப்பாளர் ஒப்புதல் குடுத்தாத்தான் திருத்தமே ஏறும்."

முதலாளி தலையை ஆட்டினார். அன்று காலைதான் முப்பத்தேழாம் நம்பரின் இடத்தில் அவளுடைய நாத்தனார் வந்திருந்தாள். "மதினி பிள்ளைக்கு மேலுக்கு முடியலக்கா" என்று மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நான் டிக் அடித்தேன். இந்த மதுரைக்காரரை எப்படிக் கழித்துவிடலாம், எழுத்துரு சரியில்லை என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

இந்த முறை நான் யார் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. புகை எங்கள் வேலிக்குள்ளேயே எழுந்தது. பதினாலாம் அறைக்குப் பின்னால் இருந்த, பட்டாசு காயப்போடும் மேடை.

பெண்கள் வெறுங்காலோடு ஓடிவந்தார்கள். அறைக்குள் செருப்போடு போகக் கூடாது, எல்லாருடைய செருப்பும் அறை வாசலில்தான் கிடக்கும். ஆலை வாசல் பக்கத்துப் புங்கமரத்தடியில் கூடி நிற்க வேண்டும், நான் பதிவேட்டைப் பார்த்து நம்பர் கூப்பிட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. பயிற்சியில் பலமுறை செய்ததுதான். ஆனால் அன்று என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒவ்வொரு நம்பருக்கும் "இருக்கேன்" "இருக்கேன்" என்று பதில் வந்தது. முப்பத்தேழைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன்.

போர்மேன் அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். ஆட்களை ஒரு சுடுசொல் சொல்லாத மனிதர், இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். "முப்பத்தேளு எந்த ரூமு?" என்றார்.

"பதினாலு. அதுல அவ ஒருத்திதான்."

சாக்கை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார்.

அப்போதுதான் அந்த நாத்தனாரைப் பார்த்தேன். எனக்கு நேர் எதிரே, முகமெல்லாம் வெள்ளி நிற மருந்துப் பொடியோடு நின்றாள். பயத்தில் தான் இன்று யாருடைய நம்பரில் வந்தோம் என்பதையே மறந்திருந்தாள். நான் மறக்கவில்லை. 'அண்ணாச்சி, திரும்பி வாங்க, அவ இங்கனதான் நிக்கா' என்று ஒரு சத்தம் போட்டால் போதும். ஒரு பக்கம் முதலாளி நின்றார், இன்னொரு பக்கம் மதுரைக்காரர் நின்றார். பதிவேட்டுப் பொய் அவர்கள் முன்னால் வெளிப்பட்டுவிடும் என்று வாயைத் திறக்காமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டுவதைப் பார்த்தேன், வேப்பமரத்தைத் தாண்டுவதைப் பார்த்தேன், புகைக்குள் போவதையும் பார்த்தேன். இருக்கன்குடித் தாயே என்று சாமியைக் கூப்பிட மட்டும் மனம் வந்தது. அவரைக் கூப்பிட வரவில்லை.

இரண்டாவது சத்தம் கேட்டது.

"அய்யோ, நாந்தான் அது! அண்ணாச்சி, நான் இங்கன நிக்கேன்!" என்று அலறியவள் அந்தப் பெண். பிழைப்பையே இழக்கக் கூடியவள் வாயைத் திறந்தாள். மாதச் சம்பளக்காரி நான் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் வந்தார். நடந்துதான் வந்தார். வலது புருவம் பொசுங்கியிருந்தது, கை முடி கருகியிருந்தது. கையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. "வாசல்ல செருப்புக் கெடந்துச்சு, மொதலாளி. ஆளத்தான் காணல" என்றார். அந்தப் பெண் அழுதுகொண்டே முன்னால் வந்தாள். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருப்பைக் குனிந்து அவள் காலடியில் வைத்தார்.

"போட்டுக்க தாயி. தரை சுடுது."

தீ அந்த மேடையோடு அணைந்தது, யாருக்கும் பெரிய காயமில்லை. முதலாளி முப்பத்தேழாம் நம்பர்க்காரியையும் நாத்தனாரையும் வேலையைவிட்டு நிறுத்தவில்லை. நாத்தனாரை அடுத்த பயிற்சிக்கு அனுப்பி, சொந்த நம்பர் கொடுத்தார். இரக்கமா, விஷயம் வெளியே போகும் என்ற பயமா, எனக்குத் தெரியாது. எல்லாம் அடங்கிய பிறகு, எந்த சாப்ட்வேர் என்று என்னைக் கேட்டார்.

"மதுரைக்காரரோடது."

"அதுல மறைக்க முடியாதேம்மா?"

"முடியாது மொதலாளி" என்றேன். அவர் சரியென்றார்.

பழைய பதிவேடுகளை ஏற்றி முடித்ததும் நான் செய்த முதல் திருத்தம் அந்தப் புதன்கிழமையின் முப்பத்தேழாம் வரி. வந்தவளின் பெயரை எழுதினேன். திருத்தியவர் கட்டத்தில் என் பெயர். காரணக் கட்டத்தில் 'ஆள் மாறியது தெரிந்தே பதிந்தேன்' என்று அடித்தேன். ஒப்புதல் தர வேண்டியவர் போர்மேன் அண்ணாச்சி. அது அவருடைய போனுக்குப் போயிற்று. அன்று முழுக்க வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன்.

சாயங்காலம் வேன் கிளம்பும் நேரத்தில் அவர் போனோடு வந்து என் மேசை அருகே நின்றார். புருவம் இன்னும் பாதிதான் முளைத்திருந்தது. திரையை எட்டப் பிடித்து, உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"நான் ஓடும்போதே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி."

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார்.

"இதுல எங்கன அமுக்கணும்?" என்று கேட்டார். ஒப்புதல் கட்டத்தைக் காட்டினேன். அமுக்கிவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.