கிள்ளானில் கெர்னல் மறுத்த காலை

பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கிள்ளானிலிருந்து அழைப்பு வந்தது. டயாலிசிஸ் மையத்தின் தலைமைத் தாதி.

"உங்க பாக்ஸ் சிவப்பு லைட் காட்டுது. மெஷின் எதுவும் ஸ்டார்ட் ஆகல. பேஷண்ட் எல்லாம் வந்து உக்காந்துட்டாங்க லா."

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு சிறிய நிறுவனத்தில் நான் மென்பொருள் எழுதுகிறேன். டயாலிசிஸ் இயந்திரத்துக்குப் போகும் தண்ணீரில் குளோரின் இருந்தால் எச்சரித்து, இயந்திரங்களை ஓடவிடாமல் தடுப்பதுதான் எங்கள் பெட்டியின் வேலை. குளோரின் இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. முந்தைய நாள்தான் முதன்முதலாக இந்த மையத்துப் பெட்டியின் இயங்குதளத்தைப் புதுப்பித்திருந்தோம்; மற்ற மையங்களில் பழையதே ஓடிக்கொண்டிருந்தது.

மாற்றுப் பெட்டி ஒன்றுடன் கிள்ளானுக்கு விரைந்தேன். வழியிலேயே மேலாளர் அழைத்தார்.

"பழைய வெர்ஷனைத் திரும்பப் போட்டுடு. அஞ்சு நிமிஷ வேலை."

சரி என்றுதான் சொன்னேன். ஆனால் மையத்தில் மடிக்கணினியைத் திறந்ததும் பிழைச்செய்தி கண்ணில் பட்டது. அளவு பொருந்தவில்லை என்று சொல்லி, எங்கள் நிரல் கொடுத்த தரவை இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் மறுத்திருந்தது.

நிரல் கொடுத்தது நாற்பத்தெட்டு பைட். கெர்னலுக்கு வேண்டியது அறுபத்துநான்கு. பழைய கெர்னல் அளவைச் சரிபார்க்கவில்லை; குறைந்த பதினாறு பைட்டுக்கு, நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததையெல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டது. அந்தப் பதினாறில்தான் எச்சரிக்கைக்கான குளோரின் வரம்பு இருக்கவேண்டும்.

மேலாளரை அழைத்தேன்.

"பழசைப் போட்டா பச்சை லைட் வரும் பாஸ். எதை வச்சு வருதுன்னுதான் யாருக்கும் தெரியாது."

"அங்க பேஷண்ட் காத்திருக்காங்க."

"தெரியும். நான் போடமாட்டேன்."

தாதியிடம் விவரத்தைச் சொன்னேன்.

"அப்போ இவ்வளவு நாளா எரிஞ்ச பச்சை லைட்?"

"அதை நம்ப முடியாதுக்கா."

அவர் முகம் இறுகியது. "தினமும் காலையில நாங்க கையாலயும் டெஸ்ட் பண்றோம். இல்லன்னா என்ன ஆயிருக்கும்?" என்றவர் மறுபடி தண்ணீர் பிடிக்கப் போனார்.

வாசலருகே ஒரு பெண்மணி எழுந்து வந்தார். அவர் கணவரின் கால்கள் வீங்கியிருந்தன, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம்மா?"

"கொஞ்சம் பொறுங்க ஆன்டி" என்று சொல்லிவிட்டு மடிக்கணினிக்குத் திரும்பினேன்.

பரிசோதனையில் தண்ணீர் சுத்தமாக இருந்தது. பெட்டி தயாராகும்வரை அடிக்கடி கையால் சோதிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு மருத்துவர் தொலைபேசியில் அனுமதி தந்தார். பெட்டியின் தடையைத் தற்காலிகமாக விலக்கிவிட்டு, அந்தக் கணவரைத்தான் முதலில் இயந்திரத்தில் இணைத்தார்கள்.

வரம்பை நிரலில் சேர்த்து, அளவைத் திருத்தி, பெட்டியில் ஏற்றினேன். குளோரின் கலந்த சாதாரணக் குழாய்த் தண்ணீரை அதன் உணரியில் ஊற்றினேன். சிவப்பு எரிந்தது. பிறகு பழைய வெர்ஷன் இருந்த மாற்றுப் பெட்டியிலும் அதே தண்ணீரை ஊற்றினேன்.

பச்சை. அசையாத பச்சை.

படம் எடுத்து மேலாளருக்கு அனுப்பினேன். பிறகு அவரே அழைத்தார்.

"மத்த சென்டருக்கெல்லாம் நான் பேசிட்டேன். நாம வர்ற வரைக்கும் பாக்ஸை நம்பவேண்டாம், கையால பாருங்கன்னு சொல்லிட்டேன். நீ அடுத்த இடத்துக்குக் கிளம்பு, நானும் வரேன்."