நான்கு மூலைகள்

தொலைநகல் இயந்திரத்திலிருந்து வந்த தாள் முதலில் இளஞ்சூடாக இருக்கும். பிடித்த கையில் வழுக்கும், விட்டால் தானே சுருண்டுகொள்ளும், கிட்டக் கொண்டுபோனால் மருந்துக்கடை வாசம் அடிக்கும். எங்கள் ஊரவர் அதை "பக்ஸ்" என்றார்கள். புலம்பெயர்ந்து வந்து மோர்னிங்சைட்டில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக்குக் கீழே ஒரு பலசரக்குக் கடையில், அரிசி மூட்டைகளுக்கும் வீடியோ கசற்றுகளுக்கும் நடுவே அந்த இயந்திரம் இருந்தது. யாருக்கு எது வந்தாலும் கடை அண்ணை முதலில் தானே வாசித்துவிட்டு, தொலைபேசியில் பகிடியோடு முழுவதையும் சொல்லிவிடுவார். தாளை எடுக்கப் போவது வெறும் சடங்கு.

எனக்குப் பத்து வயதான அந்தக் குளிர்காலத்தில் அப்பா மட்டும் கொழும்பில் விசாவுக்காகக் காத்திருந்தார். அவர் தங்கியிருந்த லொட்ஜை இராணுவம் சுற்றிவளைத்து ஆட்களைப் பிடித்துச் சென்றதாகக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவரிடமிருந்து எந்தச் சேதியும் இல்லை. அம்மா சமைத்தார், வேலைக்குப் போனார், ஆனால் தொலைபேசி அடித்தால் உடனே எடுக்கமாட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை கடை அண்ணை அழைத்தார்.

"அக்கா, கொழும்பிலையிருந்து பக்ஸ் ஒண்டு வந்திருக்கு."

"என்ன எழுதியிருக்கு அண்ணை?"

"நான் வாசிக்கேல்லை. நீங்களே வாங்கோ."

கடை அண்ணை வாசிக்கவில்லை என்றதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. பனியில் சறுக்கிச் சறுக்கி நடந்தபோது அவர் என் கையைப் பிடித்திருந்த பிடி இன்றும் நினைவிருக்கிறது.

கடைக்குள் நுழைந்தோம். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அன்ரி ஒருவர் விலகி வழிவிட்டார். கல்லாவில் ஒரு கிளாஸ் தண்ணீர் தயாராக இருந்தது. அதன் பக்கத்தில் கிடந்த தாளின் நான்கு மூலைகளும் கன்னங்கரேலென்று இருந்தன. சாவுச் சேதி சொல்லும் தாளுக்குக் கறுப்புக் கரை போடுவது எங்கள் வழக்கம். சிறுபிள்ளைக்கும் அது தெரியும். நடுவிலிருந்த எழுத்துகள் கலங்கிக் கிடந்தன. அவற்றை ஒருவரும் வாசித்திருக்கவில்லை. மூலைகளே எல்லோருக்கும் போதுமாயிருந்தன.

"மடிச்சுத் தாங்கோ அண்ணை," என்றார் அம்மா. "நான் வாசிக்கமாட்டன்."

"பிள்ளையை இஞ்சாலை விடுங்கோ," என்று அன்ரி என் தோளைப் பிடித்தார்.

நான் உதறிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். வரிகள் வலப்பக்கம் போகப்போக மேலே ஏறின. ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் புள்ளிக்குப் பதிலாக ஒரு சின்ன வட்டம்.

"அம்மா, உது அப்பா எழுதினது! வட்டத்தைப் பாருங்கோ!"

"பாவம், ஆசையிலை சொல்லுது," என்றார் அன்ரி.

அம்மா தாளைக் கண்ணருகே பிடித்தார். செத்தவர் தன் சாவைத் தானே எழுதுவாரா? அம்மாவின் உதடுகள் எழுத்துக்கூட்டின. பிறகு அரிசி மூட்டையில் சரிந்து உட்கார்ந்தார்.

"விசா கிடைச்சிட்டுதாம்."

"அப்ப உந்தக் கறுப்பு?" என்றார் கடை அண்ணை.

"மனுசன் வரட்டும், கேக்கிறன்!" என்று அழுகையும் கோபமுமாகச் சொன்னார் அம்மா.

அப்பா வந்திறங்கிய அன்று விமான நிலையத்தில் அம்மா அதைத்தான் முதலில் கேட்டார். சுற்றிவளைப்புக்குப் பிறகு இடம் மாறி மாறித் தங்கியதில் அவரால் பேசமுடியாமல் போனதாம். நல்ல சேதி தொலைபேசியில் காற்றோடு போய்விடும், எழுத்தில்தான் நிற்கும் என்பது அப்பாவின் எண்ணம். அதனால் கலியாணக் கடிதத்துக்கு வைப்பதுபோல மூலைகளில் மஞ்சளும் குங்குமமும் அப்பி அனுப்பியிருக்கிறார். "நல்ல சேதியை வெறுங் கடுதாசியிலை அனுப்பலாமோ?" என்றார். அவர் வைத்த மங்கலத்தை இயந்திரம் தனக்குத் தெரிந்த ஒரே நிறத்தில் எங்களுக்குத் தந்துவிட்டது.

அந்தக் கடையும் இயந்திரமும் இன்று இல்லை. கலியாண அழைப்புகள் கைபேசிக்கு வருகின்றன. மஞ்சள் மூலைகளையும் யாரோ வரைந்தே அனுப்புகிறார்கள். எதை வாசிக்கும் முன்னும் என் கண் மூலைகளுக்குத்தான் போகிறது.

போன வாரம் பழைய நாட்குறிப்புகளை அடுக்கும்போது அந்தத் தாள் கிடைத்தது. எழுத்துகள் முழுவதும் வெளிறி மறைந்துவிட்டன. மூலைகள் மட்டும் சாம்பல் நிறத்தில் மிஞ்சியிருக்கின்றன. அப்பாவிடம் காட்டினேன்.

"இப்ப பாத்தால் நான் செத்திட்டன் போலத்தான் கிடக்கு," என்று சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. பேனையை எடுத்து அவர் கையில் திணித்தார். "முதல் உதிலை ஏதாவது எழுதுங்கோ."

அப்பா தன் பெயரை எழுதினார். வயதுபோன கையில் வரி முன்புபோல மேலே ஏறவில்லை. முடிவில் வட்டம் போட அவருக்கு வெகுநேரம் எடுத்தது. வட்டம் மூடும்வரை அம்மா தாளின் மேல் மூலைகள் இரண்டையும் விரல்களால் மறைத்துப் பிடித்திருந்தார்.