முதலாளிக்கு ஒரு பூட்டு

பூட்டு ரிப்பேர் செய்பவருக்கு வயது ஐம்பத்தெட்டு. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், முதலாளி சம்மதிக்கவில்லை என்பார். முதலாளி என்பது அவர் கடையில் குடியிருந்த வெள்ளைக் கொண்டைக்கிளி. கோழி பருமன், கோபம் வந்தால் விரியும் மஞ்சள் கொண்டை, கடித்தால் தையல் போடவைக்கும் அலகு. கடையில் அதன் அதிகாரம்தான் செல்லுபடியாகும். தாழ்ப்பாள், கொக்கி, திருகாணி எது கையில் கிடைத்தாலும் நாக்கை விட்டுத் துழாவி, ஐந்து நிமிடத்தில் கழற்றி மேசையில் போட்டுவிட்டு, கூலி எங்கே என்று பார்க்கும். வாதுமைக் கொட்டைதான் கூலி.

கூண்டுக்குப் புதிது புதிதாகத் தாழ்ப்பாள் செய்து மாட்டுவதும், அது திறந்துகொண்டு வந்து அவர் தோளில் ஏறுவதும் பன்னிரண்டு வருஷ விளையாட்டு. சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு போகும் சாதாரணப் பூட்டை மட்டும் அவர் மாட்டியதே இல்லை. அதைத் திறப்பது எந்தக் கிளியாலும் முடியாத காரியம். அதைவிட, முதலாளியை அவர் கண்டெடுத்ததே அப்படிப்பட்ட ஒரு பூட்டுக்குப் பின்னால்தான். குடியிருந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான், கதவைத் திறந்து கொடு என்று ஒரு வீட்டுக்காரர் கூப்பிட்டிருந்தார். உள்ளே பூட்டிய கூண்டு, காய்ந்த தண்ணீர்க் கிண்ணம், நெஞ்சில் ஓர் இறகுகூட இல்லாத ஒரு கிளி. அன்றைக்குக் கதவுக்கு மட்டும்தான் கூலி வாங்கினார்.

இரண்டு வருஷமாக அவருக்கு இருமல். வறட்டு இருமல் மூன்று, கடைசியில் ஓர் இழுப்பு. முதலாளி அதையும் அச்சு அசலாகக் கற்றுக்கொண்டது. வாடிக்கையாளர்கள் கிளிக்கு மருந்து வாங்கிக் கொடுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார், நெஞ்சைப் படமெடுத்துப் பார்க்கும்வரை. கிளியின் இறகிலிருந்து மாவாக உதிரும் வெள்ளைத் தூள் நுரையீரலின் பாதியை இறுக்கிவிட்டது என்றார் டாக்டர்.

"முகமூடியெல்லாம் பத்தாது. அந்தக் கிளி இருக்கற அறைக்குள்ளயே நீங்க போகக்கூடாது. போனா, அடுத்த வருஷம் ஆக்சிஜன் சிலிண்டரோடதான் நடமாடணும்."

கிளியை எடுத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. கடைசியில் அவருடைய தங்கைதான் சரி என்றார். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். இரண்டு தெரு தள்ளி மூன்றாம் மாடியில் தனியாகக் குடியிருந்தார். முதலாளியிடம் கடி வாங்கிய தழும்பு இன்னும் அவர் கட்டைவிரலில் இருக்கிறது. கூண்டை அங்கே கொண்டுபோய் வைத்த மறுநாள் காலையில் முதலாளி கடை மேசையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தது. திரும்பக் கொண்டுபோனார்கள். திருகாணி வைத்தார்கள். சாயங்காலமே வந்துவிட்டது.

மூன்றாம் முறை அவர் கடையிலேயே மலிவான பூட்டு ஒன்றை எடுத்துப் போனார். அவர் மாட்டுவதை முதலாளி தலையைச் சாய்த்துக்கொண்டு, புது விளையாட்டு வந்த சந்தோஷத்தில் பார்த்தது. சாவியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு அவர் திரும்பிப் பார்க்காமல் இறங்கினார். நெஞ்சு அடைத்ததற்குத் தூளை மட்டும் குறை சொல்ல முடியாது.

நான்காம் நாள் தங்கை போன் செய்தார். "தண்ணிய மட்டும்தான் தொடுதுண்ணா. பகல் பூரா அந்தப் பூட்டையே நோண்டிக்கிட்டிருக்கு. நெஞ்சுல இறக பிடுங்கிப் போட்டுடுச்சு, தோல் தெரியுது. ஒரு தடவ வந்து முகத்தக் காட்டிட்டுப் போயேன்."

"வந்தேன்னா அப்புறம் உன் கையால சாப்பிடவே சாப்பிடாதும்மா."

சொல்லிவிட்டாரே ஒழிய, அன்று ஒரு சாவியும் சரியாக அமையவில்லை. நெஞ்சில் இறகில்லாத அந்தப் பழைய கிளி கண்ணுக்குள்ளேயே நின்றது. ஓடிப்போனவனை எத்தனை தடவை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பார்! இப்போது அவனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்கே விளங்கவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுப் புறப்பட்டார். உள்ளே போவதில்லை, வெளியே நின்று காது கொடுத்துவிட்டு வந்துவிடுவது என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டார். மூன்று மாடி ஏறுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. கதவருகே நின்று துண்டை வாயில் அழுத்திக்கொண்டார்.

உள்ளே இரும்பில் அலகு படும் சத்தம், டக், டக் என்று. தங்கை ஏதோ கெஞ்சிக்கொண்டிருந்தார். சத்தம் நின்றது.

"ஆங், அப்படித்தான். வா முதலாளி, வாங்கிக்கோ. ஒண்ணே ஒண்ணு."

ஐந்து நாளில் முதல்முறையாகக் கிளி பூட்டை விட்டுவிட்டுத் தங்கையின் கைப்பக்கம் நகர்கிறது என்று அவருக்குப் புரிந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் இருமல் வந்தது. துண்டைக் கடித்தார், மூச்சைப் பிடித்தார், சுவரில் நெற்றியை முட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. மூன்று இருமலும் இழுப்பும் படிக்கட்டு முழுக்கக் கேட்டன.

உள்ளே கொட்டை தரையில் விழுந்தது. கூண்டே ஆடும்படி சிறகடிப்பு. பிறகு அவருடைய இருமல் உள்ளிருந்து அவரைக் கூப்பிட்டது. மறுபடியும் கூப்பிட்டது. சிலிண்டர் வந்தால் வரட்டும், எல்லாம் போகட்டும் என்று அவர் கை கதவுப் பிடியைப் பற்றிவிட்டது.

அப்போது உள்ளே இன்னொருவர் இருமினார். அதே மூன்று, அதே இழுப்பு. கிளி அல்ல, பெண் தொண்டை. கதவுக்கு வெளியே நிற்பது யாரென்று தங்கைக்குத் தெரிந்துவிட்டது. சற்றுப் பொறுத்துத் தங்கை இன்னொரு தடவை இருமினார், இந்த முறை இன்னும் நன்றாக.

சிறகடிப்பு நின்றது. பிறகு வாதுமை ஓடு உடைபடும் சத்தம் கேட்டது.

அவர் பிடியிலிருந்து கையை எடுத்தார். இதற்காகத்தானே இத்தனை பாடும் என்று சொல்லிப் பார்த்தார். கண் கேட்கவில்லை, தாரை தாரையாகக் கொட்டியது. அடுத்த இருமல் தொண்டைக்கு வந்துவிட்டிருந்தது. துண்டை வாயில் திணித்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி, தெருமுனைவரை நடந்து, ஒரு லாரி வரும்வரை காத்திருந்து, அதன் இரைச்சலுக்குள் இருமினார்.