நாற்பது கட்டங்கள்

செய்தி வந்தபோது மணி பதினொன்று பத்து. மூன்றாம் பாடவேளை முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஒன்பதாம் வகுப்பின் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டைப் பாதி எழுதியிருந்தேன். அந்த வகுப்பின் ஜன்னலில் இருந்து பார்த்தால் எதிர்க் கட்டடத்தின் தாழ்வாரம் தெரியும். பூட்டிய நூலகத்துக்கு வெளியே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தாறு பேர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். "மூணாவது பீரியடுக்குள்ள வந்துடுவேன்" என்று முந்தின நாள் மாலை அண்ணி சொல்லியிருந்தார். இன்னும் காணோமே என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

அலுவலக உதவியாளர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். எப்போதும் ஏதாவது சுற்றறிக்கையோடு வருகிறவரின் கையில் அன்று ஒன்றும் இல்லை.

"டீச்சர், உங்க அண்ணன் ஆபீஸ் போன்ல இருக்காரு. கொஞ்சம் வாங்க."

"போயிட்டாம்மா" என்றார் அண்ணன். அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது. பின்னால் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இதயப் பரிசோதனைக்காகக் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசையில் உட்கார்ந்திருந்தபடியே அண்ணி சாய்ந்துவிட்டார்.

அண்ணி எங்கள் பள்ளியின் நூலகர். பத்தொன்பது வருடம் அந்த ஒரே அறையில் இருந்தார். நான் அங்கே கணக்கு ஆசிரியை. ஒன்பது வருடமாகப் பள்ளியின் கால அட்டவணையைப் போடுகிறவளும் நான்தான். ஒரு நாளைக்கு எட்டுப் பாடவேளை, வாரத்துக்கு ஐந்து நாள், ஆக ஒவ்வொருவருக்கும் நாற்பது கட்டங்கள். மற்ற ஆசிரியர்களுடைய நாற்பதில் ஆறோ எட்டோ காலியாக இருக்கும். அண்ணியுடையதில் ஒன்றுகூட இருக்காது. பள்ளியில் இருபத்தாறு பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் வாரம் ஒரு நூலக வேளை. மீதிப் பதினான்கில், எந்த ஆசிரியர் விடுப்போ அவருடைய வகுப்பை அங்கே அனுப்பிவிடுவோம். ஆசிரியர் அறையில் நூலகத்துக்கு 'வெயிட்டிங் ரூம்' என்று பட்டப்பெயர். "எட்டாம் வகுப்புக்கு ஆள் இல்லையா? வெயிட்டிங் ரூமுக்கு அனுப்புங்க" என்பார்கள். அண்ணி காதுபடவே சொல்வார்கள்.

"உலகத்துல இருக்கிற நாத்தனாருங்க எல்லாம் வாயால கொடுமை பண்ணுவாங்க" என்பார் அண்ணி. "என் நாத்தனார் சார்ட் பேப்பர்ல ஸ்கேல் வச்சு கோடு போட்டுப் பண்றா."

ஆசிரியர் அறையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அடுத்த வாரமும் அதே கோடுகளைப் போடுவேன்.

நூலக வேளை என்றால் என்ன நடக்கும் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. மணி அடித்ததும் ஒரு வகுப்பு வரிசையில் வரும். உட்கார வைக்க ஐந்து நிமிடம், போன வாரப் புத்தகங்களைத் திரும்ப வாங்கப் பத்து நிமிடம், புதிதாக எடுத்துப் பதிய இருபது நிமிடம். மிச்ச நேரத்தில் படிக்கலாம். அதற்குள் அடுத்த வகுப்பு வாசலில் நிற்கும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புத்தகம் எடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. எடுக்க மனமில்லாதவர்கள் மெல்லியதாகப் பார்த்து ஒன்றை உருவிக்கொண்டு போவார்கள். அடுத்த வாரம் பிரிக்காமலே கொண்டுவந்து வைப்பார்கள். வந்த மேனிக்கே திரும்பி வரும் புத்தகங்களை அண்ணிக்குத் தொட்டாலே தெரியும்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். எந்தப் பிள்ளைக்கு எப்போது தேவையோ அப்போது அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும்.

ஒருமுறை ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தவளைக்குப் பல் உண்டா என்று கேட்டுக்கொண்டு திங்கட்கிழமை ஓடி வந்தாள். உள்ளே வேறு வகுப்பு உட்கார்ந்திருந்தது. அவளுடைய வகுப்பின் வேளை வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை அண்ணி அவளுக்காகப் புத்தகத்தைத் தயாராக எடுத்து வைத்திருந்தார்.

"எந்தத் தவளை மிஸ்?" என்று கேட்டாளாம் அந்தப் பெண்.

அன்று மாலை பேருந்தில் அண்ணி இதைச் சொன்னார். "மேல் தாடையில இருக்குடி, பொடிப்பொடியா. நான் நாலு நாளா அதை மனசுல வச்சுக்கிட்டு அலையறேன், அவ மறந்தே போயிட்டா. கேள்வி ஆறிப்போச்சுன்னா அதைத் திரும்ப சூடு பண்ண முடியாது."

"எல்லாரும் நினைச்ச நேரத்துக்கு வந்தா நீங்க சமாளிப்பீங்களா அண்ணி?"

"இப்ப மட்டும் நான் சமாளிக்கிறேன்னு யாரு சொன்னது?"

நான்கு வருடத்துக்கு முன்னால், அப்போதைய தலைமையாசிரியரிடம் நடையாய் நடந்து ஒரு பருவத்துக்கு அனுமதி வாங்கினார். நான்காம் வகுப்பு வரை பழையபடி வாரம் ஒரு வேளை. ஐந்தாம் வகுப்பிலிருந்து அட்டவணை கிடையாது; பாடம் நடத்தும்போது தேவைப்பட்டால் ஆசிரியரே கூட்டி வரலாம், நான்கைந்து பேரை மட்டும் அனுப்பவும் செய்யலாம். அந்தப் பருவத்தின் அட்டவணையைப் போட எனக்கு மூன்று நாள் பிடித்தது. ஆசிரியர் அறை கொதித்தது. காரணம் எளிது. பிள்ளைகள் நூலகத்துக்குப் போகும் அந்த முக்கால் மணி நேரம்தான் பல ஆசிரியர்களுக்கு விடைத்தாள் திருத்தவும் மூச்சு விடவும் கிடைத்த நேரம். எல்லாரையும்விட அறிவியல் டீச்சருக்குத்தான் கோபம் அதிகம். "அவங்களுக்கு வேலை குறையணும்னு நம்ம தலையில கட்டறாங்க" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

ஆனால் அறை நிரம்பியது. நிலப்படத்தைத் தரையில் விரித்துப்போட்டு இரண்டு பிள்ளைகள் மல்லாடுவதை, அகராதிக்காக மூன்று பேர் சண்டை போடுவதை நானே பார்த்தேன். வாசலில் ஒரு நோட்டு வைத்து வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கச் சொன்னேன். அண்ணி கேட்கவில்லை.

"கையெழுத்துப் போட்டாதான் உள்ள வரலாம்னா அதுக்குப் பேரு லைப்ரரி இல்லடி, லாக்கப். தயங்கித் தயங்கி வர்ற பிள்ளை அந்த நோட்டைப் பார்த்ததும் அப்படியே திரும்பிடும்."

எங்கள் வேலையில் இருக்கிறவர்கள் மட்டும் செய்யக்கூடிய தவறு அது: பிள்ளையை நினைத்துக் கணக்கை விட்டுவிடுவது. பருவ முடிவில் தலைமையாசிரியர் கேட்டது ஒரே ஒரு பதிவேட்டைத்தான், புத்தகம் எடுத்துப் போனவர்களின் பதிவேட்டை. முன்பு வாரத்துக்குத் தொள்ளாயிரம் புத்தகம் போய்க்கொண்டிருந்தது. இப்போது அறுநூறு. உள்ளேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போனவர்கள், கேட்டதைத் தெரிந்துகொண்டு ஓடியவர்கள், யாருமே அதில் இல்லை.

"மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கே மேடம்" என்றார் தலைமையாசிரியர். பிறகு என் பக்கம் திரும்பினார். "டைம்டேபிள் போடறது நீங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

நான் அன்று நிரம்பிய அறையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வாரக்கணக்கில் எல்லாரிடமும் ஏச்சு வாங்கிக் களைத்திருந்தேன். என் வகுப்பின் நூலக வேளை போனதால் திருத்தாத விடைத்தாள் கட்டு ஒன்று என் மேஜையில் கிடந்தது. "பழைய டைம்டேபிளே சுலபம் சார்" என்றேன்.

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. பதிவேட்டை மூடி எடுத்துக்கொண்டார். பேருந்தில் வழக்கம்போல எனக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கினார். இறங்கும்போதுதான், "நாத்தனார்னு நிரூபிச்சுட்டே போ" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்புக்குப் பதில் அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். அதன் பிறகு ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

இந்த வருடம் புதுத் தலைமையாசிரியை வந்தார். அண்ணி போய்க் கேட்டபோது, "எனக்குக் கதை வேண்டாம், கணக்கு வேணும்" என்றாராம். "வகுப்போட வராம, தானா தேவைன்னு எத்தனை பிள்ளைங்க வர்றாங்க? ஒரு பருவம் முழுசா எண்ணிக் காட்டுங்க. அடுத்த வருஷம் மாத்திடலாம்."

பருவம் பதினான்கு வாரம். இந்த முறை அண்ணி எண்ணினார். அப்போதும் நோட்டு வைக்கவில்லை. நான் அட்டவணைக்குப் பயன்படுத்தும் அதே நாற்பது கட்டத் தாளை வாரத்துக்கு ஒன்றாக வாங்கிக்கொண்டு போய் மேஜை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார். தானாக வந்த பிள்ளைக்கு ஒரு கோடு. வந்தும் உள்ளே இடமில்லாமல் திரும்பிப் போன பிள்ளைக்கு ஒரு வட்டம். பிள்ளைகளுக்குத் தெரியாமல், இழுப்பறையை விரற்கடை அளவு திறந்து, பென்சிலால்.

"கோட்டை விட வட்டம்தான் முக்கியம்" என்றார். "வந்து திரும்பிப் போனவங்களை இந்தப் பள்ளிக்கூடத்துல இதுவரைக்கும் யாரும் எண்ணினதில்ல."

மாடிப்படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது அப்போதுதான். அண்ணன் மருந்துக் கடை வைத்திருக்கிறவர். ஊருக்கெல்லாம், உடனே டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறவரால் வீட்டில் சொல்லி மாளவில்லை.

"ஒரு நாள் லீவு போட்டா குடி முழுகிடுமா? போய் ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வந்துடலாம் வா."

"ஒரு நாள் விட்டா அந்த வாரக் கணக்கே பாழ். பருவம் முடியட்டும், நீங்க சொல்ற ஸ்கேன் அத்தனையும் எடுக்கறேன்."

"நீயாவது சொல்லும்மா" என்று அண்ணன் என்னிடம் திரும்பினார். நான் சொன்னேன். வற்புறுத்தவில்லை. ஒருமுறை அந்தக் கணக்கைக் கெடுத்தவள் நான். இரண்டாம் முறையும் கெடுக்க எனக்கு வாய் வரவில்லை. பத்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை நூலகத்திலேயே மயக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகுதான், மறுநாள் புதன்கிழமை காலையில் மட்டும், இரண்டு பாடவேளையை விட்டுக்கொடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதித்தார்.

ஒரு வாரம் கழித்துப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நல்ல மாதிரிதான் பேசினார். புது நூலகர் வர எப்படியும் அடுத்த வருடம் ஆகும். அதுவரை அந்தந்த வகுப்பு ஆசிரியரே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வரட்டும், மற்ற நேரம் பூட்டிவிடலாம், திங்கட்கிழமைக்குள் ஒரு அட்டவணை போட்டுக் கொடுங்கள் என்றார்.

"பூட்ட வேண்டாம் மேடம்" என்றேன். "இந்த வாரம் விட்டுப்போச்சு. இன்னும் மூணு வாரம் எண்ண வேண்டியிருக்கு."

"பத்து வாரம் எண்ணியிருக்காங்களே. போதாதா?"

"முழுப் பருவம்னு நீங்க சொன்னீங்க. இப்ப பூட்டிட்டா, வந்து பார்த்துட்டுத் திரும்புற பிள்ளை அடுத்த வாரம் வராது. அடுத்த வருஷம் யாரு வந்தாலும், பிள்ளைங்களே வரலையேன்னு அதைத்தான் சொல்வாங்க."

"யாரு உட்காருவாங்க?"

"எனக்கு வாரத்துல ஆறு பீரியட் காலி. நான் உட்காருறேன்."

"மீதி?"

"கேட்டுப் பார்க்கறேன்."

"நான் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன் டீச்சர். ஆள் நீங்களே பிடிச்சுக்கணும்."

பிடித்துக்கொண்டிருக்கிறேன். வகுப்போடு வரும் ஆசிரியருக்கு அந்த வகுப்பைப் பார்க்கவே சரியாக இருக்கும்; தானாக வருகிறவர்களை எண்ண நாற்பது வேளைக்கும் தனி ஆள் வேண்டும். காலியான நாற்பது கட்டத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு நாளாக ஆசிரியர் அறையில் ஒவ்வொரு மேஜையாகப் போகிறேன். யாரிடமும் காலி வேளையைக் கேட்பது லேசில்லை; ஒன்பது வருடமாக அதைப் பங்கு போட்டுக் கொடுத்தவளுக்கு அது தெரியும். விளையாட்டு ஆசிரியர், "நானா? என்னைப் பார்த்தா அலமாரியில இருக்கிற புத்தகமெல்லாம் அட்டென்ஷன்ல நிக்கும்" என்று சொல்லிவிட்டு மூன்று வேளைக்குச் சம்மதித்தார். ஓவிய ஆசிரியை இரண்டு கொடுத்தார். ஒருவர் தன் முதுகுவலியைச் சொன்னார், இன்னொருவர் விடைத்தாள் கட்டைத் தூக்கிக் காட்டினார். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான்கு வருடத்துக்கு முன் என் மேஜையில் கிடந்ததும் அந்தக் கட்டுதான்.

அறிவியல் டீச்சரின் மேஜையைத் தாண்டிப் போய்விட்டேன். அவர்தான் கூப்பிட்டார்.

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"உங்களுக்குச் சிரமமா இருக்கும்னு..."

"சிரமம்தான்." தாளை என் கையிலிருந்து வாங்கி நான்கு கட்டத்தில் தன் பெயரை எழுதினார். எழுதி முடித்தும் நிமிரவில்லை. "வட்டம் போடறது எதுக்குன்னு சொல்லிக் குடுங்க. தப்பாப் போட்டுத் தொலைக்கப் போறேன்."

சொல்லிக் கொடுத்தேன். இன்னும் இரண்டு பேர் தலைக்கு ஒரு வேளை தந்தார்கள்.

இன்று மாலை அண்ணன் நூலகச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் இருந்ததாம். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாசலிலேயே நின்று, "அவ கேட்டது கிடைச்சிடுமாம்மா?" என்றார். தெரியவில்லை அண்ணா என்றேன்.

நாளை மறுநாள் திங்கட்கிழமை. தாளில் இதுவரை பதினேழு கட்டங்களுக்கு ஆள் இருக்கிறது. மீதி இருபத்து மூன்று காலியாக இருக்கின்றன.